புள்ளியும் ஒரு நிறுவைதான்

தவணை முடிந்து தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வருகிறது. விஞ்ஞானத்துக்கு எதிரே 28 என்று சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் ‘டபிள்யூ’ என்று போட்டிருக்கிறது. பிள்ளை தலை குனிந்து நிற்கிறது. தகப்பனார் ஏசுகிறார். தாயார் ஒன்றும் பேசாமல் கையெழுத்து வைக்கிறார். மறுநாள் அறிக்கை பாடசாலைக்குத் திரும்பிப் போகிறது. விடயம் அத்துடன் முடிந்துவிடுகிறது. அந்த 28 எதைச் சொல்கிறது என்று வீட்டில் எவரும் கேட்கவில்லை. வகுப்பில் எவரும் சொல்லவுமில்லை.

கேள்வி கேட்கத் தெரியாத மக்களா நாம்? இல்லவே இல்லை. மலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எமது தாய்மார் கேட்கும் கேள்விகளை எண்ணிப் பாருங்கள். இன்றைக்கு எத்தனை கிலோ எடுத்தால் முழுப் பேர்? தராசு முள் பூச்சியத்தில் நிற்கிறதா? சாக்குக்கு எவ்வளவு கழித்தீர்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தீர்கள்? கிலோ குறைந்தால் அரைப் பேர்தான் விழும் என்பது தெரிந்தபடியால் இத்தனை கேள்விகளும் வருகின்றன. பாடசாலையில் போடும் புள்ளியும் ஒரு நிறுவைதான். மலையில் நடக்கும் பிழை அந்த மாதச் சம்பளத்தோடு போய்விடும். வகுப்பில் நடக்கும் பிழையோ பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் கூடவே வரும்.

ஆகவே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: எமது பிள்ளைகளுக்காக மட்டத்தைக் குறைக்கும்படி நாம் கேட்கக் கூடாது. மட்டம் எதுவென்று முன்கூட்டியே சொல்லும்படியும், தராசைத் திறந்து காட்டும்படியும் கேட்க வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பங்கள் இதை மற்றவர்களை விடவும் உரத்துக் கேட்க வேண்டும்.

புள்ளிக்குப் பின்னால் இருப்பது என்ன?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் 75 புள்ளிகளும் அதற்கு மேலும் ‘ஏ’. 65 முதல் ‘பி’. 50 முதல் ‘சி’ எனப்படும் திறமைச் சித்தி. 35 முதல் ‘எஸ்’ எனப்படும் சாதாரண சித்தி. அதற்குக் கீழே ‘டபிள்யூ’. பெற்றோர் பலர் தமது காலத்து ‘டி’, ‘சி’, ‘எஸ்’, ‘எப்’ முறையையே இன்னமும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதனால் ‘பி’ என்றால் இரண்டாந்தரம் போலும் என்று நினைப்பவர்களும் உண்டு.

விஞ்ஞானத்துக்கு இரண்டு வினாத்தாள்கள். முதலாவதில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணித்தியாலம். இரண்டாவது எழுத்து வினாத்தாள். அமைப்பு வினாக்களும் கட்டுரை வினாக்களும் அதில் வரும். செய்முறைப் பரீட்சை என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஆனால் வினாக்களோ செய்முறைகளைப் பற்றியே கேட்கின்றன. பரிசோதனைக் குழாயில் நிகழும் மாற்றத்தைக் கண்ணால் காணாத பிள்ளை, அதைப் படத்தில் பார்த்து, கண்டதுபோல எழுத வேண்டியிருக்கிறது. ஆய்வுகூடம் உள்ள பாடசாலைப் பிள்ளையும், ஆய்வுகூட அலுமாரியின் பூட்டைக்கூடத் தொட்டறியாத பிள்ளையும் ஒரே தாளுக்கு விடை எழுதுகிறார்கள்.

இந்த எழுத்துகளில் என்ன தங்கியிருக்கிறது? உயர்தர வகுப்புக்குப் போக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றுள் மூன்று திறமைச் சித்தியாக இருக்க வேண்டும். தாய்மொழியும் கணிதமும் அந்த ஆறில் அடங்க வேண்டும். உயிரியல் பிரிவுக்குப் போவதானால் விஞ்ஞானத்தில் ‘சி’ வேண்டும். தாதியர் பயிற்சி முதல் வைத்தியத் துறை வரை பல வாசல்கள் அந்த ஓர் எழுத்தில் திறக்கின்றன, அல்லது மூடுகின்றன.

சப்ரகமுவவில் இதற்கு மேலும் ஒரு தடை உண்டு. தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் இங்கு மிகக் குறைவு. ‘சி’ எடுத்த பிள்ளைகூட ஹட்டனுக்கோ வேறு மாவட்டத்துக்கோ போய், விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கிப் படிக்க வேண்டும். இல்லாவிடில் கலைப் பிரிவோடு திருப்திப்பட வேண்டும். வேறு வழியின்றிச் சிங்கள மொழிப் பாடசாலையில் சேரும் பிள்ளைகளும் உண்டு.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டக் கோட்டா இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். பெரும்பாலான துறைகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் இரத்தினபுரியும் ஒன்று. ஆனால் கோட்டா என்பது உயர்தரப் பரீட்சை எழுதியவனுக்குக் கிடைக்கும் உதவி. பதினாறு வயதில் விஞ்ஞானத்தில் ‘டபிள்யூ’ வாங்கி இரத்தினக்கல் அகழ்விலோ கொழும்புக் கடையிலோ வேலைக்குப் போன பிள்ளையை அது எட்டுவதில்லை. எமது பிள்ளைகளின் வழக்கு அதற்கு வெகு முன்னதாக, பத்தாம் பதினோராம் தர வகுப்பறையிலேயே தீர்ந்துபோகிறது.

இடம்பெயர்ந்த பிள்ளையின் கணக்கு

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களுக்கு இடம்பெயர்வு புதியதன்று. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், காடு வெட்டிக் கமம் செய்த குடும்பங்கள் உண்டு. போர் அவர்களை அங்கிருந்தும் மீண்டும் துரத்தியது. பின்னர் வன்செயலின் இடத்தை மலையும் மழையும் எடுத்துக்கொண்டன. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை விழுங்கியது. அதே நாளில் புளத்கொஹுப்பிட்டிய களுப்பான தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. 2017 மே மாத வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரி மாவட்டத்தை உலுக்கின. 2025 நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையே இடைநடுவில் நின்றது.

வீடு போனது, மரக்கறித் தோட்டம் போனது, மாடு போனது என்று நாம் கணக்கெழுதிக் கொடுத்தோம். கிராம உத்தியோகத்தர் அதைப் பதிந்துகொண்டார். பிள்ளையின் விஞ்ஞானக் கொப்பி போனதை எவர் பதிந்தார்? முகாமில் கழிந்த வாரங்களில் எந்தப் பாடம் தவறியது என்று எவர் எழுதி வைத்தார்?

ஒரு பிள்ளை பழைய பாடசாலையில் ஏழாவது அலகு வரை படித்திருக்கிறது. புதிய பாடசாலையில் பன்னிரண்டாவது அலகு நடக்கிறது. இடையில் உள்ள ஐந்து அலகுகளும் அதற்கு இல்லை. தவணைப் பரீட்சையில் பாதி வினாக்கள் அந்த ஐந்திலிருந்து வருகின்றன. பிள்ளை 22 புள்ளி எடுக்கிறது. அந்த 22 அதன் அறிவின் அளவல்ல. அது எத்தனை நாள் முகாமில் இருந்தது என்பதன் அளவு. இருந்தும் அறிக்கையில் எழுதப்படும் குறிப்பு என்ன? ‘கவனம் போதாது.’

பிழையாக நிறுக்கும் மூன்று வழிகள்

முதலாவது, பூச்சியம். வராத நாளில் நடந்த சிறு பரீட்சைக்கும், கொடுக்காத ஒப்படைக்கும் பூச்சியம் போட்டு, அதையும் கூட்டிச் சராசரி எடுக்கும் வழக்கம் பல வகுப்புகளில் உண்டு. கணக்கைப் பாருங்கள். நான்கு கணிப்பீடுகளில் மூன்றில் 60, 60, 60 எடுத்த பிள்ளையின் சராசரி 60. நான்காவதற்கு அது முகாமில் இருந்தபடியால் பூச்சியம் விழுந்தால் சராசரி 45 ஆகிறது. திறமைச் சித்தி சாதாரண சித்தியாக இறங்கிவிட்டது. பிள்ளைக்குத் தெரிந்தது ஒரு துளியும் குறையவில்லை. நிறுக்காத கூடையைப் பூச்சியம் கிலோ என்று எழுதினால் எந்தத் தாய் பேசாமல் இருப்பாள்?

இரண்டாவது, பணத்தை நிறுப்பது. 1990களின் இறுதிக் கல்விச் சீர்திருத்தங்களோடு பாடசாலை மட்டக் கணிப்பீடு வந்தது. ஒரு நாள் பரீட்சையை மட்டும் நம்பாமல், பிள்ளை செய்வதையும் தேடுவதையும் ஆண்டு முழுவதும் பார்க்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் நடைமுறையில் பல இடங்களில் அது வர்ணப் பேனையும் பிரிஸ்டல் மட்டையும் கணினியில் எடுத்த படமுமாகச் சுருங்கிவிட்டது. மண்ணரிப்பைப் பற்றிய ஒப்படைக்கு, கடையில் அச்சடித்து ஒட்டிய பிள்ளைக்கு 18. மண்ணரிப்பால் வீட்டையே இழந்த பிள்ளை ஒற்றைத் தாளில் பென்சிலால் எழுதியதற்கு 9. இங்கே விஞ்ஞானம் நிறுக்கப்படவில்லை. தகப்பனாரின் சட்டைப் பையே நிறுக்கப்பட்டது.

மூன்றாவது, ஒழுங்கையும் அறிவையும் ஒரே தட்டில் போடுவது. பிந்தி வந்தால், கொப்பிக்கு உறை போடாவிட்டால், சப்பாத்து இல்லாவிட்டால் புள்ளி வெட்டுவது. ஒழுங்கு வேண்டும்தான். அதைத் தனியாகச் சொல்லலாம், தனியாகக் கண்டிக்கலாம். அமிலமும் மூலமும் பற்றிப் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று சொல்ல வேண்டிய எண்ணில் சப்பாத்தைச் சேர்ப்பது நியாயமாகாது.

இரக்கப் புள்ளி எனும் நஞ்சு

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கடுமையான நிறுவையை விடவும் பொல்லாத ஒன்று உண்டு. அது இரக்க நிறுவை. ‘பாவம், தோட்டத்துப் பிள்ளைகள். மண்சரிவில் அடிபட்டு வந்தவர்கள். இவர்களுக்கு ‘எஸ்’ கிடைத்தாலே போதும்’ என்ற எண்ணம் எமது கல்வியில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. இலவசக் கல்வி 1945 இல் நாட்டுக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வர 1970கள் ஆயின. அந்த இடைக்காலத்தில் ஒரு தலைமுறைக்கு மேல், ஒற்றை அறையும் ஒற்றை ஆசிரியருமே எமது மக்களுக்குப் போதும் என்று கருதப்பட்டது. ‘போதும்’ என்ற அந்த எண்ணமே இன்று இரக்கம் என்ற பெயரில் வகுப்பறைக்குள் வருகிறது.

அதன் விளைவு என்ன? தவணைப் பரீட்சையில் இலகுவான வினாக்கள், தாராளமான புள்ளி. பிள்ளை 55, 60 என்று எடுத்துக்கொண்டு வருகிறது. பெற்றோர் மகிழ்கிறார்கள். சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் ‘டபிள்யூ’. பிள்ளை ஏமாற்றப்பட்டது பதினாறு வயதில்தான் தெரியவருகிறது. அப்போது திருத்துவதற்குக் காலம் இல்லை. தராசில் கூட்டி நிறுப்பதும் களவுதான்.

ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக நான் இதை எழுதவில்லை. விஞ்ஞானம் படித்த ஆசிரியர் இல்லாத பாடசாலையில் வேறு பாட ஆசிரியர் ஒருவர் விஞ்ஞானத்தையும் சுமக்கிறார். பஸ் போகாத பாதையில் மைல்கணக்காக நடந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். சொற்ப கொடுப்பனவோடு ஆசிரிய உதவியாளர்களாகச் சேர்ந்து, நிரந்தர நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களையும் நாம் அறிவோம். அவர்களும் எமது பிள்ளைகளே. தராசு திறந்திருந்தால் அது நேர்மையான ஆசிரியருக்கும் பாதுகாப்பு.

பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம்

எமது பிள்ளைகள் வெறுங்கையோடு விஞ்ஞான வகுப்புக்குள் வருவதில்லை. கேகாலையின் இறப்பர் தோட்டங்களில் வளரும் பிள்ளை, வாளிப் பாலில் அமிலம் ஊற்றினால் அது உறையும் என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறது. அமோனியா சேர்த்தால் பால் உறையாமல் நிற்கும் என்பதும் அதற்குத் தெரியும். தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டிய கொழுந்து பச்சை நிறம் மாறிச் செம்பு நிறமாவதை அது அறியும். மழை தொடர்ந்தால் மேட்டில் வெடிப்பு விழுவதையும், ஊற்று நீர் கலங்கி வருவதையும் அறியும்.

ஆனால் பரீட்சையில் ‘அமிலம் சேர்ப்பது ஏன்?’ என்று கேட்டால் பிள்ளை ‘பால் உறைவதற்கு’ என்று மட்டும் எழுதுகிறது. பாதிப் புள்ளி போகிறது. பாலில் உள்ள இறப்பர்த் துணிக்கைகள் மறை ஏற்றம் கொண்டவை. அந்த ஏற்றம் ஒன்றையொன்று தள்ளி வைக்கிறது. அமிலம் அந்த ஏற்றத்தை நடுநிலையாக்குவதால் துணிக்கைகள் ஒன்றுசேர்கின்றன. இதுவே நிறைவான விடை. கொழுந்து நிறம் மாறுவது நொதியத்தால் நடைபெறும் ஒட்சியேற்றம் என்று எழுத வேண்டும். ‘என்ன நடக்கிறது’ என்பது பிள்ளைக்குத் தெரியும். ‘ஏன் நடக்கிறது’ என்று எழுதுவதே எதிர்பார்க்கப்படுகிறது என்பது அதற்குச் சொல்லப்படவில்லை. சொல்லிக் கொடுத்தால் அது எட்டும். எட்டாது என்று முடிவுகட்ட நமக்கு உரிமை இல்லை.

மழைமானியை எடுத்துக்கொள்ளுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மட்டம் வகுத்திருக்கிறது. இந்த மட்டங்கள் முன்கூட்டியே ஊருக்குச் சொல்லப்படுகின்றன. சொல்லப்பட்டபடியால்தான் உயிர் தப்ப முடிகிறது. ஒரு வெற்றுப் போத்தலை வெட்டி மழைமானி செய்து, ஒரு மாதம் அளந்து, வரைபு கீறும் வேலையை ஒப்படையாகக் கொடுத்தால் என்ன? செலவில்லை. மீள்குடியேற்ற வீட்டுப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் சமமாகச் செய்யலாம். அதில் போடும் புள்ளி விஞ்ஞானத்துக்கே விழும்.

பார்பியானாவின் பாடம்

இத்தாலியில் புளோரன்ஸ் நகருக்கு அப்பால் மலைப்பகுதியில் பார்பியானா என்றொரு சிற்றூர். 1954 இல் அங்கு பங்குப் பணிக்கு அனுப்பப்பட்ட அருட்தந்தை லோரென்சோ மிலானி, அரசாங்கப் பாடசாலையில் ‘தவறிய’ கமக்காரப் பிள்ளைகளைச் சேர்த்து வகுப்பு நடத்தினார். பின்தங்கிய பிள்ளை விளங்கிக்கொள்ளும் வரை வகுப்பு முன்னே போகாது என்பது அங்கே விதி. 1967 இல் அந்த மாணவர்களுள் எட்டுப் பேர் சேர்ந்து ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்ற பொருள்படும் நூலை எழுதினார்கள். தவறியவர்கள் யார், அவர்களின் தகப்பன்மார் என்ன தொழில் செய்பவர்கள் என்று புள்ளிவிபரம் திரட்டி, பாடசாலை வைத்தியரின் மகனைத் தேற்றி, உழவனின் மகனைத் தோற்கடிக்கிறது என்பதைக் கணக்கோடு காட்டினார்கள். அப்பிள்ளைகள் இலகுவான பரீட்சை கேட்கவில்லை. கூடுதல் நேரம் கேட்டார்கள். தவறவிடாமல் கற்பிக்கும்படி கேட்டார்கள். நாமும் அதைத்தான் கேட்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று: தவணை தொடங்கும்போதே கேளுங்கள். இந்தத் தவணையில் எந்த அலகுகள், எத்தனை கணிப்பீடுகள், எதற்கு எத்தனை புள்ளி? இதை ஒரு தாளில் எழுதி வகுப்பில் ஒட்டும்படி பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பிரேரணை கொண்டு வாருங்கள். தனியாகக் கேட்டால் முறைப்பாடு ஆகும். சங்கமாகக் கேட்டால் வழக்கம் ஆகும்.

இரண்டு: எண்ணை மட்டும் பாராமல் விடைத்தாளைப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத பெற்றோரும் கேட்கலாம்: ‘சேர், எந்த இடத்தில் பிள்ளைக்குப் போனது? என்ன எழுதியிருக்க வேண்டும்?’ பொதுப் பரீட்சையில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் மீளாய்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்று: இடம்பெயர்ந்த பிள்ளைக்குத் தவறிய பாடங்களின் பட்டியலைப் புதிய பாடசாலையிடம் எழுத்தில் கொடுங்கள். அக்காலக் கணிப்பீட்டுக்குப் பூச்சியம் போடாமல் வெற்றிடமாக விட்டு, பாடத்தைக் கற்பித்த பின் மீண்டும் பரீட்சை வைக்கும்படி அதிபரிடம் கேளுங்கள். சரிவராவிட்டால் வலயக் கல்விப் பணிமனைக்கு ஊரவர் கூட்டாகப் போகலாம்.

நான்கு: பரீட்சைத் திணைக்களம் கடந்தகால வினாக்களுக்கான புள்ளித் திட்டத்தையும் மதிப்பீட்டறிக்கைகளையும் வெளியிடுகிறது. எந்த வினாவில் பிள்ளைகள் தவறுகிறார்கள், நிறைவான விடை எது என்று அவற்றில் இருக்கிறது. ஒவ்வொரு குடியிருப்பின் வாசிகசாலையிலும் ஒரு பிரதி இருக்கட்டும். உயர்தரம் படித்த அண்ணன்மாரும் அக்காமாரும் கிழமைக்கு இரு மாலைகள் அதை வைத்துப் படிப்பிக்கட்டும்.

ஐந்து: எமது கடமையையும் செய்வோம். மிளகு பறிக்கவும் தம்பியைப் பார்க்கவும் பிள்ளையை வீட்டில் மறித்துவிட்டு, பாடசாலை நியாயமாக நிறுக்கவில்லை என்று முறையிட முடியாது. கூடையில் கொழுந்து இருந்தால்தான் தராசைப் பற்றிப் பேசலாம்.

நிலம் போய்விட்டது. சிலருக்கு மாற்றுக் காணி கிடைத்தது. பலர் இன்னும் உறுதிப் பத்திரத்துக்காகக் காத்திருக்கிறார்கள். பிள்ளையின் அறிவு மண்ணோடு சரிந்து போகும் சொத்தன்று. ஆனால் பிழையான நிறுவை அதைப் பெறுமதி இல்லாததாக்கிவிடும். அடுத்த தவணை அறிக்கை வரும்போது பிள்ளையை ஏசுவதற்கு முன், அதை அருகில் அழைத்து உட்கார வையுங்கள். எந்தக் கேள்விக்கு என்ன எழுதினாய் என்று கேளுங்கள். பிறகு அறிக்கையை எடுத்துக்கொண்டு பாடசாலைக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம். அயல்வீட்டாரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.